பதினேழாம் சுருள்

பெட்டியைத் திறந்ததும் காடி வாசனை.
ஊறுகாயா என்றான் இறக்கி வைத்தவன்.
அழுகும் படச்சுருள் இப்படித்தான் புளிக்கும்.
ஒன்று புளித்தால்
பக்கத்தில் இருப்பதும் புளிக்கும்.

போத்னியா வளைகுடாவின் ஓரம்
காகிதக்கூழ் ஆலைக்காகவே பிறந்த ஊர் எங்களுடையது.
ஆலை போன பிறகும் ஏனோ இருக்கிறது.
நாற்பத்தொரு சுருள்கள்.
எடுத்தவர் பல் மருத்துவர் ஹில்டிங் ஓக்கெர்லுண்ட்.
வாரமெல்லாம் ஊரின் வாய்க்குள் பார்த்தவர்
ஞாயிறுதோறும் அதன் முகத்தைப் பார்க்க
எட்டு மில்லிமீட்டர் கேமராவோடு கிளம்பிவிடுவார்.
அவர் படத்தில் யாரும் பல் தெரியச் சிரிப்பதில்லை.

நகராட்சி நிதி தரவில்லை.
மூடிப்போன மீன்கடையின் உறைபெட்டியைத் தந்தது.
எத்தனை கழுவியும் போகாத மத்தி நாற்றத்தில்
ஐம்பத்தெட்டின் நடுக்கோடைக் கம்பம்,
புதுத் தீயணைப்பு வண்டி,
பனிச்சறுக்கில் விழுந்து விழுந்து எழும்
பெயர் தெரியாத குழந்தை,
எல்லாம் இப்போது
சுழியத்துக்குக் கீழே இருபது பாகையில்.

சுருங்கிய சுருளின் துளைகள்
எந்திரத்தின் பல்லில் மாட்டுவதில்லை.
(மருத்துவர் இதற்குச் சிரித்திருப்பார்.)
கையால் நகர்த்துகிறேன்,
ஒரு சட்டகம், ஒரு சொடுக்கு,
ஒரு சட்டகம், ஒரு சொடுக்கு.

பதினேழாம் சுருள்.
அறுபத்தொன்பது, பிப்ரவரி,
வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் வாரம்.
ஆலை வாசலில் தகர டிரம்மில் தீ.
கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார்கள்.
இடது ஓரத்திலிருந்து ஒருவர் வருகிறார்,
சோற்றுப்பெட்டியோடு.
கூட்டம் விலகுகிறது.
யாரும் தொடவில்லை.
வாயசைவு மட்டும், எல்லா வாய்களும்.
அவர் உள்ளே போகிறார்.
நான்கு வினாடி. அறுபத்து நான்கு சட்டகம்.

மரம் வெட்டிப் பிழைத்த ஊரில்
கோடரிக்காம்பு என்று ஒருவரைச் சொன்னால்
அது மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

குன்வோர் வந்தாள், கையுறையைக் கழற்றாமலே.
அறுபத்தெட்டு வயது.
"அப்பா வரும் இடத்தை வெட்டிவிடு."
வெட்டக்கூடாது, அதுதான் என் வேலை என்றேன்.
"அந்தக் குளிர்காலம் முழுக்கப் பள்ளியில்
என் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை.
அது இருக்கிறதா உன் படத்தில்?"

இல்லை.
அது இல்லை.

பிறகு, பார்க்கலாமா என்றாள்.
விளக்கு மேசைமேல் சுருளை விரித்து
உருப்பெருக்கியைக் கொடுத்தேன்.
ஒவ்வொன்றாகப் பார்த்தாள்,
அரிசியில் கல் பொறுக்குவது போல.
முப்பதாவதிலோ அதற்கு அடுத்ததிலோ நின்றாள்.
"தொப்பியின் காதுமடலை இறக்கிக் கட்டியிருக்கிறார்."
குளிர், என்றேன்.
"குளிருக்கு அப்பா அதைக் கட்டியதே இல்லை.
மூக்கு உதிரும் குளிரிலும் இல்லை."

நான் அந்தச் சட்டகத்தை
அதுவரை நாற்பது தடவை பார்த்திருப்பேன்.
முடிச்சு தாடைக்குக் கீழே,
இறுக்கமாக,
இரட்டை முடிச்சாக.

அவள் போன பிறகு பதிவேட்டை எடுத்தேன்.
வழக்கமான கட்டங்கள்.
நீளம். நிறம். நிலை.
ஒலி என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுத
முன்பெல்லாம் ஒரு நொடிதான் ஆகும்.

வெட்டு என்றோ வேண்டாம் என்றோ
அவள் அப்புறம் சொல்லவே இல்லை.

நவம்பரில் மக்கள் மன்றத்தில் திரையிட்டோம்.
தீயணைப்பு வண்டிக்குக் கைதட்டினார்கள்.
விழுந்து எழும் குழந்தைக்கு
நான்கு பேர் நான்கு பெயர் சொன்னார்கள்,
ஐந்தாவது ஆள் அது நான்தான் என்றார்.
பதினேழு வந்தது.
எந்திரத்தின் விசிறி மட்டும் கேட்டது.
நான்கு வினாடி எவ்வளவு நீளம் என்று
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசி வரிசையில் ஒரு கிழவர்
தொண்டையைச் செருமினார்.
"அந்த வருஷம் எவ்வளவு பனி!"
"ஆமாம்," என்றது இன்னொரு குரல்,
"ஜன்னல் வரைக்கும்."

மூன்றாம் வரிசையில் குன்வோர்.
பக்கத்து நாற்காலியில் ஒரு மேலங்கி.
யாராவது இடம் பிடித்துப் போட்டதா,
அவளே கழற்றி வைத்ததா,
இருட்டில் தெரியவில்லை.